ஒரு நாடிக்கு நாலு அடி

திருகைக் கால் சுற்றுத் தளர்த்திய பிறகும் நாலுதான் வந்தது.

மெக்கானிக் தன் கழுத்திலிருந்து இரண்டு விரல்களையும் எடுத்தார். பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். தாடை எலும்புக்குக் கீழே, நரம்பு துடிக்கும் அதே பள்ளத்தில், மறுபடி வைத்து அழுத்தினார். வலக்கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் கார்புரேட்டரின் ஓரத்துப் பித்தளைத் திருகின் வெட்டில் நின்றது நின்றபடி இருந்தது. வண்டி முன்னைவிட மெதுவாக அடிப்பது காதுக்கு நன்றாகவே தெரிந்தது. அப்படியென்றால் நாடி ஒரு தரம் துடிப்பதற்குள் மூன்று அடிதான் விழ வேண்டும். நாலு விழுந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல நாலு.

இன்ஜினின் வேகம் பார்க்க மற்ற மெக்கானிக்குகள் மீட்டர் வைத்திருந்தார்கள். இவர் கழுத்தை வைத்திருந்தார். இருபத்தாறு வருடமாக அதுதான் அளவு. ஒரு கை நாடியில், ஒரு கை திருகில், ஒரு நாடிக்கு நாலு அடி. அகலமான ஹேண்டிலும் தாழ்ந்த சீட்டுமாகக் கால் நீட்டிக் கிடக்கும் அந்தப் பழைய பாணி மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு ஆசைதான் உண்டு. நிற்கும்போது இன்ஜின் ஓடக் கூடாது, உட்கார்ந்து யோசிப்பதுபோல இருக்க வேண்டும். ரொம்ப மெதுவாக வைத்தால் ஆயில் மேலே ஏறாது, இன்ஜின் கெட்டுப்போகும் என்று இவரும் எல்லோரிடமும் சொல்லுவார். சொல்லிவிட்டு வைத்துக் கொடுப்பார். கழுத்தில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பவரைப் பார்த்துப் பல் வலி என்று நினைத்து, மூன்றாவது தெருப் பல் டாக்டர் ஒருமுறை தன் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனதும் உண்டு.

இந்த வண்டி காலையில்தான் வந்தது. காய்ந்த ரத்தத்தின் நிறம். அதை ஓட்டி வந்தவர் மெல்லிய தோல் கையுறை போட்டிருந்தார். குரல் அதைவிட மெல்லியதாக இருந்தது.

"நாடி பாத்து ட்யூன் பண்றவர் நீங்கதானே அண்ணே?"

"ஆமாங்க. ஊசி மட்டும் போட மாட்டேன்."

கையுறைக்காரர் சிரிக்கவில்லை. விஷயத்தைக் குறித்துக்கொள்வதுபோலத் தலையாட்டினார்.

"எனக்குத் தூக்கம் வராதுங்க. ராத்திரி படுக்கற ரூம் ஜன்னலுக்கு வெளியில இத ஓட விட்டுட்டுப் படுப்பேன். சத்தம் மெதுவா, அப்படியே மெதுவா வரணும். அப்பத்தான் கண்ணு சொருகும். நான் தூங்கினதும் சம்சாரம் போய் அணைச்சிடுவா."

"அக்கம்பக்கத்துல சும்மாவா விடறாங்க?"

"பழகிட்டாங்க."

"இதுக்கு முன்னாடி யாருகிட்ட விட்டுட்டு இருந்தீங்க?"

"ஒருத்தர் இருந்தார். தங்கமான மனுஷன். தூக்கத்துலயே போய்ட்டார்." கையுறைக்காரர் டேங்கை ஒருமுறை தடவினார். "பதினோரு நாளா எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல. அஞ்சு மணிக்கு வந்துடறேன். எவ்வளவு மெதுவா முடியுமோ, அவ்வளவு."

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. டேப்பட் வைத்தார், பிளக்கைத் தேய்த்தார், கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டார். ஒன்று மட்டும் உறுத்தியது. பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய இன்ஜினின் அடி போல்ட்டைக் கழற்றியபோது, இறங்கிய பழைய ஆயில் சில்லென்று இருந்தது. விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். வெகுநாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்ததுபோல ஒரு வாசனை. புதிய ஆயிலை ஊற்றி மூடிவிட்டு அதை மறந்தும்விட்டார்.

இப்போது நினைவுக்கு வந்தது.

இன்னொரு கால் சுற்றுத் தளர்த்தினார். இன்ஜினின் ஒவ்வோர் அடிக்கும் நடுவே தகரத் தட்டில் கிடந்த நட்டுகள் அதிர்ந்து அடங்குவது தனியாகக் கேட்டது. கழுத்தில் எண்ணினார். நாலு. பட்டறைக்குள் வெளிச்சம் ஒரு படி இறங்கியதுபோல இருந்தது. விளக்கை அண்ணாந்து பார்த்தார். விளக்கு ஒழுங்காகத்தான் எரிந்தது. வெளியே பிற்பகல் மூன்று மணி வெயில், விடுமுறை நாளின் ஆளில்லாத தெரு, எதிர்ச் சுவரில் தன் நிழலை மடக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காகம். அவருடைய விரல் நுனிகள் மரத்திருந்தன.

அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இருந்த மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, ட்யூனிங் நடக்குதா, தாலாட்டு நடக்குதா? எனக்கே கண்ணக் கட்டுது."

"டேய், இங்க வா. உன் நாடியப் புடிச்சுக்கிட்டு எத்தன அடி விழுதுன்னு எண்ணு."

அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவன்போல நெற்றியைச் சுருக்கினான்.

"ரெண்டரை."

"ஒழுங்கா எண்ணுடா."

"ரெண்டரைதான் மாமா. உங்களுக்காக வேணும்னா மூணுன்னு சொல்றேன். நான் கெளம்பறேன், லீவு நாள்லயும் இங்கயே உக்காந்தா வீட்ல என்னய மறந்துடுவாங்க. நீங்களும் போய்ச் சாப்பிடுங்க, மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு."

அவன் போன பிறகு பட்டறையில் வண்டியும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

அவனுக்கு இரண்டரை. எனக்கு நாலு.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கழுத்தில் விரலை வைத்தார். ஒரு துடிப்பு. நொடி முள் நகர்ந்தது. அடுத்த துடிப்பு வரவில்லை. முள் இன்னும் பாதி தூரம் போனது. பிறகு வந்தது, மறந்துபோய்த் திரும்பி வருகிற ஆள் மாதிரி.

திருகை உள்ளே முடுக்கினார். இன்ஜின் வேகம் பிடித்தது, காது மடல் சூடானது, கழுத்தில் திமுதிமுவென்று ரத்தம் ஏறியது. தளர்த்தினார். வெளிச்சம் இறங்கியது. முடுக்கினார். ஏறியது. புது சுவிட்சைக் கண்ட குழந்தையைப்போல இரண்டு தரம் செய்து பார்த்தார். பழையபடி தளர்த்தி விட்டார், மூன்றாவது தரம் செய்யவில்லை.

பட்டறையின் பின் கதவு வீட்டுக்குள் திறக்கும். அங்கே போய்க் குரல் கொடுத்தார். போன பத்தடியிலும் திரும்பித் திரும்பி வண்டியைப் பார்த்துக்கொண்டே போனார்.

மனைவி ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினோடு வந்தாள். "மணி மூணரை. சோறு ஆறிப்போச்சு, நானும் ஆறிட்டேன். இப்ப என்ன திடீர்னு உடம்பு மேல அக்கறை?" என்று சொல்லிக்கொண்டே அவர் கையில் பட்டையைச் சுற்றினாள். மெஷின் உறுமி அடங்கி எண்ணைக் காட்டியது. நாடி நாற்பத்தொன்று.

மெஷினை ஒரு தட்டுத் தட்டினாள். தன் கையில் கட்டிப் பார்த்தாள். எழுபத்தாறு. மறுபடி அவர் கையில். நாற்பத்தொன்று.

அவர் பேசாமல் குனிந்து திருகை அரைச் சுற்று முடுக்கினார். மெஷின் எழுபத்திரண்டு காட்டியது.

"பாத்தீங்களா, சரியாயிடுச்சு. வெறும் வயித்தோட நின்னா இப்படித்தான். மொதல்ல இந்தச் சனியன அணைங்க, காது..." அவள் கை சாவிக்குப் போனது.

அவர் பாய்ந்து பிடித்த வேகத்தில் அவளுடைய வளையல் ஒன்று நெளிந்துபோனது. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. அவள் வலியைவிட ஆச்சரியத்தில் வாயைத் திறந்தாள். அவர் சொல்லவில்லை, செய்து காட்டினார். முடுக்கினார், எண்ணைக் காட்டினார். தளர்த்தினார், காட்டினார். அவள் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தாள்.

"அணைச்சா?" என்றாள்.



அவர் பெட்ரோல் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். முக்கால் டேங்க் இருந்தது. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் சூடேறிவிடும் என்று பெரிய மின்விசிறியை இழுத்து வந்து அதன் பக்கம் திருப்பினார். விசிறி சுழன்றதும் சட்டைக்கு உள்ளே, தோலுக்கும் உள்ளே, விலா எலும்புகளுக்கு நடுவில் ஜில்லென்று காற்று வந்தது. நல்ல ஆயிலாகத்தான் ஊற்றினோம் என்று நினைத்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டது ஞாபகம் வந்தது. அதில் ஆறுதலா பயமா என்று தெரியவில்லை.

டுப், டுப், டுப், டுப். தட்டில் நட்டுகள் நடுங்கின.

"என் நாடிக்கு மாத்தி வைங்க," என்றாள் மனைவி.

"பைத்தியமா?"

"முழுசா இல்லீங்க. பாதி நேரம் நான் வெச்சுக்கறேன், பாதி நேரம் நீங்க. மாவு ஆட்டறதுக்கு மட்டும் முறை போடறோம்ல?" மணிக்கட்டை நீட்டினாள்.

மாறுமா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான் பிடித்தார். தனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டார். இடக்கை அவள் நாடியில், வலக்கை திருகில். மூன்றரை. மயிரிழை திருப்பினார். மூன்றே முக்கால். நெஞ்சைச் சுற்றி இறுகியிருந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு முடிச்சாக அவிழ்ந்தது, மூச்சு தாராளமாக இறங்கியது, அப்பாடா என்று இருந்தது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் உதடு வெளுத்திருந்தது. அவர் விரலுக்குக் கீழே அவளுடைய நாடி, பல்சக்கரத்தில் செயின் போய் மாட்டிக்கொள்வதுபோல, ஒரு துள்ளுத் துள்ளியது.

கையை உதறினார். தன் கழுத்தைப் பிடித்தார். திருகு, திருகு, திருகு. நாலு. விட்டுப் போனது திரும்பி வந்து நெஞ்சுக்குள் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"ஏன் விட்டீங்க?" மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"ரெண்டு படி ஏறினாலே உனக்கு மூச்சு முட்டும். இது ஹைவேயில ஓடற வண்டி."

கடிகாரம் நாலரையைத் தாண்டியது.

"அவர் வண்டிதானே," என்றார் மெதுவாக. "அவர் நாடிக்கு வெச்சுக் குடுத்துடறேன். அதுதானே நியாயம்?"

"அவர் தூங்கினதும் அவர் சம்சாரம் அணைச்சிடுவாங்கன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க."

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

ஐந்து மணிக்குக் கையுறைக்காரர் வாசலில் நின்றார். வந்த காலடி கேட்கவில்லை. உள்ளே வந்து, கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, பசித்தவன் சோற்று வாசனையை இழுப்பதுபோல அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"உயிரோட இருக்குது அண்ணே," என்றார்.

"சார், ஒரு சின்ன விஷயம்." மெக்கானிக்கின் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. "உங்க நாடிக்கு வெச்சாத்தான் உங்களுக்குத் தூக்கம் நல்லா புடிக்கும். கையக் கொஞ்சம் குடுங்க."

கையுறைக்காரர் மறுக்கவில்லை. ஒவ்வொரு விரலாகக் கையுறையை உருவி, டாக்டரிடம் காட்டும் பிள்ளைபோலக் கையை நீட்டினார். மெக்கானிக் பிடித்தார். காலையில் விரலில் பட்ட ஆயிலின் அதே சில்லிப்பு. கட்டைவிரல் பக்கம் அழுத்தினார். சற்று மேலே அழுத்தினார். இன்னும் ஆழமாக. மறு கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். காலரை விலக்கிக் கழுத்தில் வைத்தார்.

ஒன்றுமில்லை.

சுவரைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருந்தது.

"கெடைக்கலையா?" கையுறைக்காரர் பரிவோடு கேட்டார். "கெடைக்காது அண்ணே. போனவரும் ரொம்ப நேரம் தேடினார், பாவம். உள்ள ஒரே அமைதி. அந்த அமைதியில ஒரு மனுஷன் எப்படிங்க தூங்குவான்?"

கையுறையை மாட்டிக்கொள்வதற்கு முன் அவர் குனிந்தார். கட்டைவிரல் நகத்தைத் திருகின் வெட்டில் வைத்தார். தளர்த்தினார். அரைச் சுற்று.

வெயில் அணைந்தது. மெக்கானிக்கின் முதுகு கருவி அலமாரியை உரசிக்கொண்டே கீழே இறங்கியது. தரை தெரிந்தது. தரையில் எண்ணெய்க் கறை. மனைவியின் பாதங்கள். அவள் ஓடிப் போய் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடிப்பது, தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோலத் தெரிந்தது.

"வண்டிய எடுக்காதீங்க! எடுக்கக் கூடாது!"

"ஏம்மா, ஓடற வண்டியோட மல்லுக்கு நிக்காதீங்க, அடி பட்டுடும்." கையுறைக்காரரின் கை சாவிமேல் போய் இருந்தது. குரலில் கோபம் துளிகூட இல்லை. "வேணும்னா அணைச்சுட்டுத் தள்ளிட்டுப் போகட்டுமா?"

மனைவி கையை எடுத்துவிட்டாள்.

முதல் கியர் விழுந்தது. விலாவில் யாரோ உதைத்ததுபோல இருந்தது. வண்டி தெருவில் இறங்கி முறுக்கிய முறுக்கில் மெக்கானிக் தரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். எழுந்தவர் ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அப்படியொரு ஓட்டம் ஓடுவார் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கண்ணில் பொறி பறந்தது, நெஞ்சுக்குள் அத்தனை பலம், தெரு பின்னால் போனது, தெருமுனை வந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது. உடம்பு ஈடுகொடுக்கவில்லை. தெருமுனையில் முட்டி மடங்கி விழுந்தார். வண்டி கண்ணிலிருந்து மறைந்தது. பிறகு காதிலிருந்தும் மறைந்தது.

நெஞ்சிலிருந்து மறையவில்லை.

ஆறு மணிக்கு அவரைக் கட்டிலில் படுக்க வைத்தாள். கையுறைக்காரர் காலையில் எழுதிக் கொடுத்த போன் நம்பர் மட்டும் இருந்தது. விலாசம் இல்லை. அவள் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பப் போட்டாள். ஏழு மணி. எட்டு மணி. அவர் படுத்தபடியே அந்த வண்டி எங்கெங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மேடு ஏறுகிறான். இப்போது சிக்னலில் நிற்கிறான். இப்போது பாலம், நல்ல காற்று. அவளுடைய இரண்டு விரல்கள் அவர் கழுத்தைவிட்டு எடுபடவே இல்லை.

ஒன்பதே கால் மணிக்கு அவர் பேச்சை நிறுத்தினார்.

"நின்னுடுச்சு," என்றார் பிறகு. "ஜன்னல்கிட்ட."

அவள் விரலுக்குக் கீழே நாடி இறங்கியது. துடிப்பு. இடைவெளி. துடிப்பு. இன்னும் பெரிய இடைவெளி. அறை மூலைகள் இருண்டுகொண்டு வந்தன. அவள் ஒரு கையால் மறுபடி போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துப் படுக்கைமேல் கிடத்தினாள்.

போனில் ஒரு மணி அடித்தது. இரண்டு. மூன்று.

எடுத்தார்கள்.

"ஹலோ?" ஒரு பெண்ணின் குரல், தாழ்ந்து, ரகசியம்போல. "மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் அவருக்குக் கண்ணு அசந்திருக்கு."

"அம்மா! அந்த வண்டிய அணைக்காதீங்க! உங்களக் கும்புட்டுக் கேக்கறேன், அணைச்சிடாதீங்க!"

"என்னங்க? ஒண்ணுமே கேக்கல. வெளியில வண்டி ஓடுது."

"வண்டிய அணைக்க வேணாம்! அணைக்க வேணாம்மா!"

"ஐயோ, சத்தத்துல ஒரு வார்த்தகூடப் புரியல. இருங்க, லைன்லயே இருங்க."

செருப்புச் சத்தம். ஒரு கதவு. இன்ஜின் போனுக்குள் கிட்ட வந்தது, கிட்ட வந்தது, கட்டிலே அதிரும் அளவுக்குக் கிட்ட வந்தது. மனைவி கத்திக்கொண்டே இருந்தாள். அவள் விரல் மட்டும் அவர் கழுத்தில் அசையாமல் இருந்தது. மெக்கானிக் கண்ணை மூடி எண்ணினார். பழக்கம்.

"ஒரு நிமிஷம்ங்க," என்றது அந்தக் குரல், இனிமையாக. "அணைச்சுட்டு வந்து பேசறேன்."

ஒன்று.

இரண்டு.

வளையல்கள் குலுங்கின. சாவிக் கொத்து.

மூன்று.